மூன்று மாதம் சொல்லக் கூடாது

எங்கள் தெருமுனையில் ஒரு டீக்கடை இருக்கிறது. விடியக்காலை ஐந்து மணிக்கு அங்கே பாய்லர் கொதிக்கத் தொடங்கும். ஐந்து ஐந்துக்கு நான் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கச் சாக்கடைக்கு ஓடுவேன். சிலோன் மலையில் இருக்கிற என் மக்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்க வேண்டாம். தேயிலைத் தூருக்கு நடுவில் பிறந்து, பதினாறு வயதில் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டி, பால் கலக்காத சாயத்தண்ணி ஒரு கோப்பை உள்ளே போகாமல் கண்ணே திறக்காதவள்தான் நான். அப்படிப்பட்டவளுக்குத் தேயிலை வாடை ஆகவில்லை. வயிற்றில் ஒன்று வந்து உட்கார்ந்த ஆறாவது வாரத்தில் இருந்து இதுதான் கதை. கடைக்காரர் நல்ல மனிதர், ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனாலும் தினம் காலையில் அவரை நான் மனதுக்குள் வைதுகொண்டுதான் எழுந்திருக்கிறேன்.

சங்கரன்கோவிலுக்கு நாங்கள் வந்து எட்டு மாதம் ஆகிறது. இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து எங்களைப் பங்கு பிரித்தபோது, என் வீட்டுக்காரர் மாரிமுத்துவின் பேர் இந்தியாப் பக்கம் விழுந்தது. அம்மா பேரும் தம்பி பேரும் சிலோன் பக்கம் விழுந்தன. கட்டியவரோடு நான் கப்பல் ஏறினேன். இங்கே எங்கள் காகிதங்களில் 'தாயகம் திரும்பியோர்' என்று எழுதியிருக்கிறார்கள். பிறந்ததில் இருந்து கண்ணால் பார்க்காத ஊருக்கு ஒருத்தி எப்படித் திரும்பி வருவாள் என்று எழுதியவரிடம் கேட்டிருக்கலாம், எனக்குத் தெம்பு இல்லை. இவருடைய கொள்ளுத்தாத்தா புறப்பட்டுப்போன குருவிகுளத்தில் வானம் பார்த்த பூமியும், எங்களைப் பார்த்து முழித்த நாலு சொந்தக்காரர்களும் இருந்தார்கள். அதனால் இவர் இந்த ஊருக்கு வந்து ஒரு தறி ஷெட்டில் சேர்ந்துகொண்டார். நாங்கள் இருப்பது ஒரு வளவு. ஒரே கூரை, வரிசையாக எட்டு வீடு, நடுவில் பொது முற்றம். தோட்டத்தில் நாம் இருந்த லயம் மாதிரியேதான். லயத்தை விட்டுவிட்டுக் கடல் தாண்டி வந்து இன்னொரு லயத்தில் குடியேறியிருக்கிறேன், குளிர் மட்டும் இல்லை.

உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலையில் இருக்கும்போது பிள்ளைத்தாச்சிகளைப் பார்த்து, இதில் என்ன இருக்கிறது, மாங்காய் தின்றுவிட்டு உட்கார்ந்திருப்பதுதானே என்று நினைத்தவள் நான். பல்பொடி நாக்கில் பட்டால் வாந்தி. சோறு கொதித்தால் வாந்தி. இவர் ஷெட்டில் இருந்து வரும்போது பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியின் புளித்த வாடை சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும், அதற்கும் வாந்தி. பாவம் மனுஷன், வாசலிலேயே சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், இரும்பை நக்கியது போல ஒரு ருசி. மார்பு கனத்துப்போய், ரவிக்கை உரசினாலே உயிர் போகும். ஒரு வாய் சாப்பிட்டால் நெஞ்சு எரியும், சாப்பிடாவிட்டால் தலை சுற்றும். நான்கு நாளைக்கு ஒரு தரம்தான் வயிறு இளகும். ஆனால் சிறுநீர் மட்டும் அரைமணிக்கு ஒரு தரம் முட்டிக்கொண்டு வரும். வளவில் கக்கூஸ் கிடையாது. பெண்கள் இருட்டோடு இருட்டாக உடைமுள் மண்டிய உடங்காட்டுப் பக்கம் போய்வந்துவிட்டு, அப்புறம் பொழுது சாயும்வரை அடக்கிக்கொள்வார்கள். அவர்கள் பழகியவர்கள். நான் முள்ளுக்குள் நட்டநடுப் பகலில் நாலு தரம் ஓடினேன், ஆடு மேய்க்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எல்லாவற்றையும்விட அந்த அசதி இருக்கிறதே, அதைத்தான் சொல்லத் தெரியவில்லை. இருபது கிலோ கொழுந்தோடு மலை ஏறி இறங்கிய கால், அடுப்படியில் இருந்து வாசலுக்கு வருவதற்குள் உட்காரச் சொல்லும். காரணமே இல்லாமல் அழுகை வரும். அழுது முடித்தால் தூக்கம் வரும்.

தோட்டத்தில் இதெல்லாம் ரகசியம் இல்லை, உங்களுக்குத் தெரியும். நாள் தள்ளிப்போனால் அடுத்த வாரமே டிஸ்பென்சரிக்குப் போய்ப் பேர் பதிந்துவிடுவோம். பதிந்தால்தான் செங்குத்து மலையில் இருந்து நம்மைத் தட்டையான இடத்துக்கு மாற்றுவார்கள். காலைப் பெரட்டில் வேலை பிரிக்கும்போது கங்காணி அத்தனை பேர் முன்னாலும், "புள்ளத்தாச்சி எல்லாம் கீழ் மலைக்கு நடங்க" என்று சத்தம் போடுவார். ஒருத்தி புதிதாக அந்தப் பக்கம் நடந்தால் ஆம்பளைகள் பொம்பளைகள் எல்லோரும் பார்த்துக் கேலி செய்வோம். அதோடு முடிந்தது. அவள் கூடையை யாராவது தூக்குவார்கள், பீலியில் அவளுக்கு முதலில் தண்ணீர் பிடிக்க விடுவார்கள். சொன்னால் சுமை குறையும் என்பதுதான் நான் பிறந்து வளர்ந்த சட்டம்.

அந்தப் பழக்கத்தில்தான் போன வருஷம், கப்பல் இறங்கியதும் எங்களை வைத்திருந்த முகாமில், நாள் தள்ளிய உடனே நர்ஸம்மாவிடம் போய்ச் சொன்னேன். முகாம் முழுக்கத் தெரிந்தது. ஒருத்தி புளி கொடுத்தாள், ஒருத்தி படுக்கத் தன் பாயைக் கொடுத்தாள். அங்கே யாரும் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் பத்தாவது வாரத்தில் அது தங்காமல் போய்விட்டது. கடல் சத்தம் கேட்கிற ஒரு கொட்டகையில், சுற்றிலும் நம் சனம் உட்கார்ந்திருக்க, நான் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். வந்து விசாரித்தவர்கள் ஒவ்வொருவரிடமும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் இருப்பதிலேயே கொடுமை.

இந்த முறை நாள் தள்ளியதும் இவர் குருவிகுளத்தில் இருந்த தன் பெரியம்மாவுக்கு மட்டும் சொல்லி அனுப்பினார். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் ஒரு பை வறுத்த மொச்சை, வாயில் தீர்ப்பு.

"ஊரு பூராம் தம்பட்டம் அடிச்சியாம்லா? பொறவு எப்படித் தங்கும்? கண்ணு படாதா?" என்றாள். "இந்தத் தடவ மூணு மாசம் முடியுத வரைக்கும் வாயத் திறக்கப்படாது, கேட்டியா. பக்கத்து வீட்டுக்காரிட்ட மூச்சு விட்டிராத. வாந்தி வந்தாலும் பித்தம்னு சொல்லு."

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். அதெல்லாம் இல்லை பெரியம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம், இப்படிச் செய்தால் அடுத்தது தங்கும் என்று யார் என்ன சொன்னாலும் செய்வாள். தலைகீழாக நில் என்றிருந்தால் நின்றிருப்பேன். அம்மாவுக்குக் கூட எழுதவில்லை. இந்தப் பிள்ளை இருக்கப் போகிறதா போகப் போகிறதா என்பது என் வாயில்தான் இருக்கிறது என்று நம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு நாளை எண்ண ஆரம்பித்தேன்.

இனி செல்லத்தாயி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்து வீடு. நாற்பது வயது இருக்கும். புருஷன் லாரியில் லோடு ஏற்றுகிறவர். இவள் வீட்டில் இருந்தே பூ வியாபாரிகளுக்கு மல்லிகை கட்டிக் கொடுப்பாள். முற்றத்து வேப்பமரத்தில் ஒரு வெள்ளாடும் கட்டியிருப்பாள். நாங்கள் வந்த முதல் நாளே என்னைப் பார்த்து, "ஏட்டி சிலோன்காரி, தெருக்குழாயில தண்ணி பிடிக்கத் தெரியுமா ஒனக்கு?" என்று கேட்டாள். தெரியவில்லைதான். இங்கே தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு மணி நேரம் வரும், அதற்கு ஐம்பது குடம் காத்துக் கிடக்கும். சண்டை போட்டால்தான் பிடிக்க முடியும், எனக்கோ "கொஞ்சம் நகருங்க" என்று கேட்டுத்தான் பழக்கம். மூன்று நாள் நான் வெறுங்குடத்தோடு திரும்புவதைப் பார்த்துவிட்டு, அன்றில் இருந்து தன் குடத்தோடு என் குடத்தையும் அவளே நிரப்பிக் கொண்டுவந்து வைத்தாள். அதோடு தினமும் சாயங்காலம் கட்டிய சரத்தில் இருந்து ஒரு முழம் கிள்ளி நீட்டுவாள். "வெறுந்தலையாவா நிக்க? இந்தா, வச்சிக்கோ."

ஆறாவது வாரத்தில் இருந்து அந்தப் பூ எனக்கு எமன் ஆகிவிட்டது. மல்லிகை வாடை நெற்றிப்பொட்டில் ஆணி அடித்தது போல இறங்கும், உடனே குமட்டும். வேண்டாம் என்று சொல்ல முடியாது. தாலி கட்டியவள் பூவை வேண்டாம் என்று சொன்னால் இந்த ஊரில் அபசகுனம். ஏன் வேண்டாம் என்று காரணம் சொல்லலாம் என்றால், அந்தக் காரணத்தைச் சொன்னால் பிள்ளை போய்விடும். ஆகவே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சிரித்துக்கொண்டே பூவை வாங்கி வைப்பேன், மூச்சை அடக்கிக்கொண்டு ஐந்து நிமிஷம் நிற்பேன், அவள் உள்ளே போனதும் எடுத்து ஆட்டுக்குப் போட்டுவிடுவேன். ஆடு நாரோடு சேர்த்து ஒரு நொடியில் விழுங்கிவிடும். இரண்டு வாரம் எங்கள் மூவருக்கும் எந்தக் குறையும் இல்லாமல் போனது.

ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டுக்கு என்ன கோளாறோ, பாதியை விழுங்கிவிட்டு மீதியை வாயில் தொங்கவிட்டபடி நின்றது. செல்லத்தாயி அக்கா தவிட்டுத் தண்ணீரோடு வெளியே வந்தாள். ஆட்டைப் பார்த்தாள், என் தலையைப் பார்த்தாள்.

"யாத்தாடி! நான் கண்ணு பூத்துப்போயி கட்டுத பூவ நீ ஆட்டுக்கா போடுத?"

"இல்லீங்க அக்கா... தலைவலிங்க."

"பூ வச்சா தலைவலியா? இத்தன நாளு வாங்கி வாங்கி வச்சியே, அப்பம் வலிக்கலியா? வேண்டாம்னு சொல்லுததுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?"

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எல்லாம் வந்துவிடும், வாந்தி உட்பட. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அது அவளுக்குத் திமிராகத் தெரிந்தது.

"பேசுதாளா பாரு, மூதி. நாங்க குடுக்குத பூவு ஒனக்கு எளக்காரமாப் போச்சு, என்ன? சவத்த விடு. இனி ஒன் சங்காத்தமே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஆட்டை அவிழ்த்து இழுத்துக்கொண்டு போனாள். மறுநாள் குழாயில் தண்ணீர் வந்தபோது என் குடம் வாசலிலேயே இருந்தது.

குழாயடியில் இரண்டு முறை முயன்றேன். வயிற்றில் யாருடைய முழங்கை படுமோ என்று பயந்து வரிசையின் கடைசிக்கே போய் நின்றால், என் முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுவிடும். அதனால் ரயில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிணற்றுக்குப் போக ஆரம்பித்தேன். இறைக்க வேண்டும், தலையில் ஒன்று இடுப்பில் ஒன்று தூக்க வேண்டும், அரை மைல் வெயிலில் நடக்க வேண்டும். இவர் காலையில் ஒரு நடை கொண்டுவந்து வைத்துவிட்டு ஷெட்டுக்கு ஓடுவார். அது சமையலுக்கே காணாது. "நீ தூக்காதே, நான் வந்து பார்க்கிறேன்" என்பார். பன்னிரண்டு மணி நேரம் தறிச் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவரை மறுபடி கிணற்றுக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. மலையில் என்றால் இதே உடம்போடு நான் கீழ் மலையில் இருந்திருப்பேன், என் குடத்தை யாரோ பிடித்திருப்பார்கள். இங்கே வாயை மூடிக்கொண்டு பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

எழுபதாவது நாள். உச்சிப்பொழுது. கிணற்றில் இருந்து வந்து குடத்தை இறக்கி வைத்தபோது அடிவயிறு இழுத்தது. மறைப்புக்குள் போய்ப் பார்த்தால் சேலையில் ரத்தம், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. போன தடவையும் இப்படித்தான் தொடங்கியது. யாரிடமும் சொல்லவில்லையே, இந்த முறை ஒரு ஈ காக்காயிடம் கூடச் சொல்லவில்லையே என்று கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். இன்னும் இருபது நாள்தான் பாக்கி. இப்போது வாயைத் திறந்தால் மிச்சமும் போய்விடும் என்று ஒரு பக்கம் பயம். திறக்காவிட்டால் தனியாகக் கிடந்து சாக வேண்டியதுதான் என்று ஒரு பக்கம் பயம். கடைசியில் சுவரைத் தட்டினேன்.

"அக்கா... செல்லத்தாயி அக்கா..."

மறுபடி தட்டினேன். "அக்கா, எனக்கு ரெண்டு மாசம் தாண்டிருச்சுங்க. இப்ப ரத்தம் படுதுங்க."

அந்தப் பக்கம் பூக்கூடை கவிழ்கிற சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம் அவள் என் வாசலில் நின்றாள், மடியில் இருந்து மொட்டு சிதறிக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்தாள், மூலையில் இருந்த குடத்தைப் பார்த்தாள். "அடிப் பாவி மக்கா, அதுக்குத்தானா பூவு? ஒரு வார்த்த சொன்னா நான் என்ன தின்னுறவா போறேன்? நான் ஒரு கிறுக்கி, தண்ணிய வேற நிறுத்திப் போட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். குதிரைவண்டி குலுக்கும் என்று சைக்கிள் ரிக்‌ஷா பிடித்தாள். வழியெல்லாம் ரிக்‌ஷாக்காரரிடம், "அண்ணாச்சி, பைய மிதிங்க, பள்ளம் பாத்து" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கோவில் வாசலைத் தாண்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி, "எனக்கு ரெண்டு போச்சுட்டி. நான் ஒருத்தர்ட்டயும் மூச்சு விடல. சொல்லாமத்தான் இருந்தேன், அப்படியும் போச்சு" என்றாள். எங்கள் வளவில் ஒருவருக்கும் அது தெரியாது.

பிரசவ ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சோதித்துவிட்டு, பிள்ளை இப்போதைக்கு இருக்கிறது, உறுதியாக இன்னும் சொல்ல முடியாது, எழுந்திருக்காமல் படு என்று சொன்னார்கள். எஸ்தர் என்று ஒரு நர்ஸம்மா, வெள்ளைச் சேலை, கழுத்தில் சிலுவை. அந்த அம்மாவிடம் முகாமில் நடந்ததையும் பெரியம்மா சொன்னதையும் ஒப்பித்தேன். கேட்டு முடித்ததும் கோபம் வந்துவிட்டது அவர்களுக்கு.

"சொன்னதுனால போச்சா? நல்லா இருக்கே கத! சிலது தங்காதும்மா. ஏன்னு எங்களுக்கே பல நேரம் தெரியாது. நீ சொன்னதும் காரணமில்ல, பூ வைக்காததும் காரணமில்ல. வாந்தி, நெஞ்செரிச்சல், அசதி, அடிக்கடி ஒண்ணுக்குப் போறது, இதெல்லாம் எல்லாருக்கும் வாரதுதான், பெரும்பாலும் நாலாம் மாசத்துல கொறையும். ஆனா குடிச்ச தண்ணியே நிக்கல, ரத்தம் படுது, வயிறு இழுக்குதுன்னா அத மூடி வைக்கப்படாது. உடனே இங்கன வரணும். இதச் சொல்ல ஒனக்கு எழுபது நாளா?"

எனக்கு அழுகை வந்தது. குற்றம் என் மேல் இல்லை என்று ஒருவர் வாயால் கேட்க ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

அதற்கப்புறம் மூன்று வாரம் படுத்தே கிடந்தேன். பகலில் படுத்து எனக்குப் பழக்கம் இல்லை. காய்ச்சல் நூற்றிரண்டு இருந்தாலும் மலை ஏறிய ஜாதி நாம். இதை எழுதியதில் முக்கால்வாசி அப்படிப் படுத்துக்கொண்டு எழுதியதுதான், அதனால் கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செல்லத்தாயி அக்கா குழாயடியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். பெரியம்மா கேட்டால் மயங்கி விழுவாள். ஒருத்தி எலுமிச்சங்காய் ஊறுகாய் கொண்டுவந்தாள். ஒருத்தி சோற்றுக் கஞ்சியில் மோர் ஊற்றி உப்புப் போட்டுக் கொடுத்தாள், அது மட்டும் வயிற்றில் நின்றது. ஒவ்வொருத்தியும் தன் வாந்திக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள். எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே என்று ஒவ்வொரு நாளும் சேலையைப் பார்த்துப் பார்த்துக் கழித்தேன். நாலு நாளில் ரத்தம் நின்றது. மூன்றாம் மாதம் முடிந்தது. அது இருக்கிறது.

போன திங்கட்கிழமை மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். எஸ்தரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இனி அட்டை போடலாம் என்று உட்காரவைத்தார்கள். பேர், வயசு, புருஷன் பேர், எத்தனையாவது பிள்ளை. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பின்னால் பதினைந்து பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"பேறுகாலம் எங்கன? ஆத்தா வீட்டுலயா?"

"ஆமாங்க" என்றேன். யாரைக் கேட்டாலும் அதைத்தானே சொல்வார்கள்.

"எந்த ஊரு?"

தோட்டத்தின் பேரைச் சொன்னேன். மேல் டிவிஷன், ஆறாம் நம்பர் லயம் என்றும் சேர்த்துச் சொன்னேன். டிஸ்பென்சரியில் அப்படித்தான் கேட்பார்கள். அந்த அம்மா கேட்டதைக் கேட்டபடி எழுதிவிட்டு நிமிர்ந்தார்கள்.

"இது எங்கன இருக்கு? ராயகிரிக்கு அந்தாலயா? பஸ்ஸு போகுமா?"

நான் அந்த அட்டையைப் பார்த்தேன். போகாது என்று சொல்ல வேண்டும். பஸ் போகாது, ரயில் போகாது, கப்பல் போகும், ஆனால் அதில் என்னை ஏற்றமாட்டார்கள். அங்கே இருந்து புறப்படும்போது எங்களிடம் வாங்கிக்கொண்ட கையெழுத்து திரும்பி வரமாட்டோம் என்கிற கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் போட்ட அன்றைக்கு அம்மாவை விட்டுவிட்டு வருகிறேன் என்று தெரிந்திருந்தது. பேறுகாலத்துக்குப் போக ஒரு வீடு இல்லாமல் வருகிறேன் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

செல்லத்தாயி அக்கா என் தோளில் கையை வைத்தாள். "அவ அங்கல்லாம் போகமாட்டாம்மா. எங்க வளவுன்னு எழுதுங்க. வீட்டு நம்பர் நாலு. நான் பாத்துக்கிடுதேன்."

எஸ்தரம்மா என்னைப் பார்த்தார்கள். எழுதியதின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு, மேலே பொடியாக எங்கள் தெருப் பேரையும் சங்கரன்கோவில் என்பதையும் எழுதினார்கள். மை காய ஊதிவிட்டு அட்டையை என் கையில் கொடுத்தார்கள். கோட்டுக்குக் கீழே ஆறாம் நம்பர் லயம் நன்றாகவே படிக்க வருகிறது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு முதல் முறையாக விஷயத்தை எழுதினேன். எல்லாம் நன்றாக இருக்கிறது, மூன்று மாதம் தாண்டிவிட்டது, பேர் பதிந்துவிட்டேன் என்று எழுதினேன். அம்மா, பிரசவம் எங்கே என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், உன் வீட்டைத்தான் சொன்னேன், அட்டையிலும் அப்படித்தான் எழுதினார்கள் என்று எழுதினேன். அதைக் கோடு போட்டு அடித்ததை எழுதவில்லை.